தராசுத் தட்டில் மான் விழுவதில்லை

என்னிடம் ஒரு தொங்கு தராசு இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி 23 கிலோவைத் தாண்டிவிட்டதா என்று பார்க்க வாங்கியது. வருடம் முழுக்க அலமாரியில் தூங்கும் அதற்கு அக்டோபர் பிறந்தால் வேறு வேலை வந்துவிடும். நான் இருப்பது நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், அடிராண்டாக் மலைக்காடுகளின் ஓரத்தில். மான் வேட்டைப் பருவம் தொடங்கும் முன் நண்பர்கள் தங்கள் பழைய லீவர் ரைஃபிள்களோடு வந்து சேர்வார்கள். ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி எண்ணைப் படிப்பார்கள். யாருடையது எல்லாவற்றிலும் குறைவோ, அவர் முகத்தில் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையின் களை தெரியும்.

விசைக்குக் கீழே வளையம் போலத் தொங்கும் பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழுந்து புதிய தோட்டா உள்ளே ஏறும். கௌபாய் படம் பார்த்த எல்லோருக்கும் தெரிந்த துப்பாக்கிதான் இது. ஒரு நூற்றாண்டு பழையதாக ஒன்றை வாங்கி, அதோடு காட்டுக்குள் போக வேண்டும் என்ற ஆசை இங்கே பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஆசையோடு ஒரு வேதவாக்கும் ஒட்டிக்கொண்டு வருகிறது: 'எது மிகவும் லேசானதோ அதைத் தேடு; மற்றதெல்லாம் பிறகு.' துப்பாக்கிக் கடைக்காரர் இதைச் சொல்கிறார், கண்காட்சியில் மேசை போட்டு விற்பவர் சொல்கிறார், வேட்டைக் குடிலில் அடுப்பைச் சுற்றி உட்காருகிறவர்களும் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த வாக்கை மறுப்பதற்காக எழுதப்படுவது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். வேட்டைக்காரன் துப்பாக்கியை நாள் முழுக்கச் சுமக்கிறான். சுடுவது ஒரு நொடி, அதுவும் பல நாள் வாய்ப்பதில்லை. ஆகவே சுமப்பதற்கு ஏற்றதே நல்ல துப்பாக்கி. களைத்த கை நடுங்கும். களைத்த கால் தடுக்கும். களைத்தவன் எதிரே நிற்கும் மானைப் பார்க்காமலே கடந்து போவான். அரைக் கிலோ குறைந்தால் மாலையில் அது ஐந்து கிலோ குறைந்தது போல இருக்கும். வயது ஏற ஏற இந்தக் கணக்கு இன்னும் கறாராகிவிடுகிறது.

இதில் பாதி உண்மை. மறுபாதிதான் ஆளைக் கவிழ்க்கிறது.

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். பழைய விலைப்பட்டியலில் 'ஆறரை பவுண்டு' என்று அச்சிட்டிருப்பதை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். பட்டியலில் உள்ளது ஒரு துப்பாக்கி. கையில் இருப்பது வேறு. கட்டைக்குப் போட்ட வால்நட் மரம் ஒன்றுக்கொன்று அடர்த்தியில் மாறும். எண்கோணக் குழல் உருண்டைக் குழலைவிடக் கனம். பலர் யோசிக்காத இன்னொன்றும் உண்டு: வெளிச்சுற்று ஒரே அளவாக இருந்தால், பெரிய துளையுள்ள குழல்தான் லேசு. 26 அங்குலக் குழலில் .25 துளைக்கும் .38 துளைக்கும் இடையே குடைந்தெடுக்கப்படும் எஃகு மட்டும் ஏறத்தாழ 200 கிராம். ஆக, சிறிய குண்டைத் தேர்ந்தவர் லேசான துப்பாக்கி வாங்கியதாக நினைத்துக்கொண்டு கூடுதல் இரும்பைச் சுமக்கிறார்.

சரி, எண் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அது எதன் எடை? கொக்கியில் தொங்கியது வெறும் துப்பாக்கி. .30-30 தோட்டா ஒன்று சுமார் 20 கிராம். ஆறு போட்டால் 120. தோள்பட்டை வாரைச் சேருங்கள். கண் சரியில்லை என்று தொலைநோக்கி மாட்டினால், பிடிப்பான்களோடு சேர்த்து இன்னும் ஒரு நானூறு கிராமாவது ஏறும். அரைக் கிலோவைக் குறைக்க ஆறு மாதம் அலைந்தவர், அதே அரைக் கிலோவை ஒரு மாலையில் திருகாணி போட்டு ஏற்றிவிடுகிறார்.

அடுத்து, தராசையே நீதிபதியாக உட்கார வைத்தால் தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று பாருங்கள். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊர்க்காரரான ஜான் பிரவுனிங் வின்செஸ்டர் கம்பெனிக்காக வடிவமைத்த லீவர் ரைஃபிள்கள் நான்கு: 1886, 1892, 1894, 1895 என்று ஆண்டின் பெயரிலேயே அழைக்கப்படுபவை. இவற்றில் 1892இன் கார்பைன் எனப்படும் 20 அங்குலக் குட்டைக் குழல் வடிவம் ஆறு பவுண்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும், அதாவது 2.7 கிலோ. பரிசு அதற்குத்தான். ஆனால் அது பெரிய 1886ஐச் சுருக்கிச் செய்த துப்பாக்கி, அதில் ஏறும் .44-40, .38-40, .32-20, .25-20 எல்லாம் குட்டையான தோட்டாக்கள். முதல் மூன்றை அக்காலத்தில் இடுப்புக் கைத்துப்பாக்கியிலும் போட்டுச் சுட்டார்கள். கிட்டத்தில் நிற்கும் மானுக்கு .44-40 போதும், கொஞ்சம் தள்ளிப் போனால் போதாது. லேசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இதுதான்: தோட்டாவிலிருந்து வந்தது. தோட்டா சிறுத்ததால் உடம்பு சிறுத்தது. இதைச் சொல்லாமல் எடையை மட்டும் சொல்வது, மாட்டின் பாலைச் சொல்லாமல் தீவனம் குறைவு என்று மட்டும் சொல்லி விற்பதுபோல.

'பழங்காலத்து வேட்டைக்காரர்கள் லேசானதைத்தான் விரும்பினார்கள்' என்பதும் அடிக்கடி காதில் விழும். கார்பைனின் இடப்பக்கம் தொங்கும் இரும்பு வளையத்தைப் பாருங்கள். அது சேணத்தோடு பிணைக்க. குதிரையில் போகிறவனுக்காகச் செய்த துப்பாக்கி அது. நடக்கிறவனை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. அதைவிடக் குட்டையான 14, 15 அங்குலக் கார்பைன்கள் ரோமத்துக்காகப் பொறி வைத்தவர்களுக்குப் போயின. பொறியில் சிக்கிய பிராணியைக் கைக்கெட்டும் தூரத்தில் முடித்துவைக்க நீளக் குழல் எதற்கு? இன்று 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளைப் பதிவில்லாமல் வைத்திருந்தால் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 1934இல் வந்த சட்டம் அது. பழம்பொருள் என்று விலக்குப் பெற்ற அந்தக் குட்டைக் கார்பைன்களுக்குக் கிராக்கி ஏறி, நீளக் குழலை அறுத்துப் போலி செய்பவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். வேட்டைக்கென்று 1894ஐ வாங்க வந்தவனுக்குப் பட்டியல் முதலில் காட்டியது 26 அங்குலக் குழலுள்ள ரைஃபிளை. பின்னாளில் கார்பைன் அதைத் தூக்கிச் சாப்பிட்டது உண்மைதான். 1894 வடிவம் மொத்தம் 70 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டதில் பெரும்பங்கு அதற்கே. அதிகம் விற்றது என்பதும் நன்றாகச் சுடும் என்பதும் ஒன்றாகிவிடுமா?

இனி உதைக்கு வருவோம். துப்பாக்கியின் உதைக்கு எளிய கணக்கு உண்டு. ஒரே தோட்டாவைச் சுட்டால், தோளில் விழும் உதையின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்குத் தலைகீழ் விகிதம். ஏழரை பவுண்டிலிருந்து ஆறுக்கு இறங்கினால் உதை கால் பங்கு கூடும். .30-30இல் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 1886இன் லேசு வடிவத்தைக் கையில் எடுத்தவர்களுக்கு வேறு கதை. சாதாரண 1886 ஒன்பது பவுண்டு வரும். ஒல்லியாகக் கூம்பும் நிக்கல் எஃகுக் குழல், பாதி நீளத் தோட்டாக் குழாய் என்று செதுக்கி அதை ஏழு பவுண்டுக்குச் சற்று மேலே கொண்டுவந்தார்கள். அதில் .45-70ஐ வைத்துச் சுட்டவர் இரண்டாவது முறை விசையில் விரல் வைக்கும்போது கண் தானாக மூடும். அந்த இமைப்பில் போன குண்டுகளை எந்தத் தராசும் நிறுத்ததில்லை. பழைய ரைஃபிள்கள் பலவற்றில் அடிக்கட்டையின் முனை பிறை போல வளைந்த இரும்புத் தகடு என்பதையும் மறக்கக்கூடாது. ரப்பர் மெத்தைக்குப் பழகிய தோள் அதை ஒரு நாளில் புரிந்துகொள்ளும்.

செய்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. இதற்குச் சாட்சி எனக்குப் பக்கத்து ஊரான யூட்டிகாவிலேயே இருக்கிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த ஆர்தர் சாவேஜ் இந்த ஊரில்தான் தன் 1899 ரைஃபிளைச் செய்தார். வெளியே தெரியும் சுத்தியல் கிடையாது. குழலுக்கடியில் நீளக் குழாயும் கிடையாது. தோட்டாக்கள் நடு உடம்புக்குள் ராட்டினம் போல ஒரு சுழலியில் உட்காரும். அதன் லேசு வடிவம் 20 அங்குலக் குழலோடு ஆறு பவுண்டுக்குச் சற்று மேல். லேசான லீவர் ரைஃபிள் தேடுகிறவர்கள் கடைசியில் கும்பிடும் சாமி அதுதான். ஆனால் அதற்குக் கம்பெனி கொடுத்த தோட்டாக்களைப் பாருங்கள்: .25-35, .30-30, .303 சாவேஜ், .22 ஹை-பவர். எல்லாம் மென்மையாக உதைப்பவை. முதலில் தோட்டாவைத் தீர்மானித்தார்கள். எடை அதன் பின்னால் வந்தது. இன்று நாம் எடையைத் தீர்மானித்துவிட்டுத் தோட்டாவைப் பின்னால் இழுக்கிறோம்.

.22 ஹை-பவர் பேச்சு வந்தால் ஒருவர் கட்டாயம் ஹாரி கால்ட்வெல்லை இழுப்பார். சீனாவின் ஃபூஜியானில் ஊழியம் செய்த அமெரிக்கப் பாதிரியார். அந்தச் சின்னக் குண்டால் புலிகளைச் சுட்டவர். உண்மைதான். பாதிரியாரின் நெஞ்சுரமும் நிதானமும் துப்பாக்கியோடு சேர்த்து விற்கப்படுவதில்லை என்பதும் உண்மை. இன்று அமெரிக்காவின் சில மாநிலங்கள் அந்தப் பருமனுள்ள குண்டால் மானைச் சுடுவதையே தடை செய்திருக்கின்றன. விதிவிலக்காக ஒருவர் செய்ததை விதியாக்கி, காயத்தோடு ஓடிய மானை இருட்டில் தேடுகிறவனுக்கு யார் ஆறுதல் சொல்வது?

என் முக்கியமான குற்றச்சாட்டு குழலின் முனையைப் பற்றியது. எங்கள் காட்டில் யாரும் மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவதில்லை. மேட்டில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது எழுபது கஜத்தில் வெண்வால் மான் ஒன்று தலையைத் தூக்கும். நின்றபடி தூக்கிச் சுட வேண்டும். இதயம் அடிக்கும் ஒவ்வோர் அடியும் குழல் முனையில் தெரியும். முனையில் கொஞ்சம் இரும்பு இருந்தால் அந்தத் துடிப்பை அது விழுங்கிவிடும். குறிமுள் சோம்பலாக அசைந்து மானின் தோள்மேல் போய் உட்காரும். முனை லேசான துப்பாக்கியில் குறிமுள் ஈயைப் போலப் பறக்கும். ஓடும் மானைத் தொடர்ந்து குழலை வீசும்போதும் இதே கதைதான்: கனமான முனை வீச்சைத் தொடர்கிறது, லேசான முனை நடுவில் நின்றுவிடுகிறது, குண்டு வாலுக்குப் பின்னால் போகிறது.

வெறுங்கண்ணால் குறி பார்க்கும் பழைய துப்பாக்கியில் இன்னொரு கணக்கும் உண்டு. பின்குறிக்கும் முன்முள்ளுக்கும் இடையே தூரம் கூடக்கூட, கை செய்யும் சிறு பிழை இலக்கில் குறைவாக விழும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு முன்முள் தள்ளி இருந்தால்தான் துல்லியமாகத் தெரியும். லேசானதைத் தேடி அலைகிறவர்கள் பெரும்பாலும் யார்? முழங்கால் தேய ஆரம்பித்தவர்கள். முழங்கால் தேய்கிற வயதில்தான் கிட்டப் பார்வையும் மங்குகிறது. ஆகவே முழங்காலுக்கு உபகாரம் என்று வாங்கிய குட்டைத் துப்பாக்கி கண்ணுக்குத் துரோகம் செய்கிறது. சுமப்பது எளிதாகி, சுடுவது கடினமாகிவிட்ட துப்பாக்கியை நான் ஊன்றுகோல் என்றுதான் சொல்வேன். அதற்கும் அது குட்டை.

சுமக்கும் பாரத்தையும் இவர்கள் சரியாகக் கவனிப்பதில்லை. கையில் தெரியும் கனம் எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது பெரிது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து மைல் கணக்காக நடந்த பாட்டிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே குடத்தை முழங்கை நீட்டிப் பிடித்துப் பத்தடி நடக்க முடியாது. 1894இன் நடு உடம்பு தட்டையாக, விளிம்பு உருண்டையாக இருக்கும். அதன் நிறைப்புள்ளியில் விரல்கள் சுற்றி மூடும். பக்கவாட்டில் துருத்தும் பிடி எதுவும் இல்லை. சாவேஜிலும் தோட்டாக்கள் நடுவிலேயே குவிந்திருப்பதால் தோட்டா குறையக் குறைய நிறை இடம் மாறுவதில்லை. இந்த இரண்டும் தராசு சொல்வதைவிட லேசாகக் கையில் நடக்கும். மாறாக, இடையில் பருத்து மேலே தொலைநோக்கி ஏற்றிய ஆறு பவுண்டுத் துப்பாக்கியை ஒற்றைக் கையில் பிடிக்க இடமே கிடையாது. எடை குறைந்தது; சுமை கூடியது.

தொலைநோக்கி என்றதும் இந்த மோகம் செய்த சேதமும் நினைவுக்கு வருகிறது. பழைய 1894 சுட்ட கூட்டை நேர் மேலே துப்பும்; அதன் தலைமேல் தொலைநோக்கியை உட்கார வைக்க முடியாது. வின்செஸ்டர் கம்பெனி அதைப் பக்கவாட்டுக்குச் சாய்த்ததே 1980களில்தான். மார்லின் கம்பெனியோ 1889லேயே பக்கவாட்டில் துப்பும் ரைஃபிளைச் செய்துவிட்டது. இது தெரியாமல், அல்லது தெரிந்தும், பழைய இரும்பில் துளை போடுகிறார்கள். 26 அங்குலக் குழலை லேசாக்க அறுக்கிறார்கள். தோட்டாக் குழாயைப் பாதியாக வெட்டுகிறார்கள். நூறு வருடம் ஒரு வீட்டில் கைமாறி வந்த பொருள், யாரோ ஒருவருடைய முந்நூறு கிராம் ஆசைக்காக ஊனமாகிறது. நான் வாங்கிய முதல் லீவர் ரைஃபிளும் அப்படி யாரோ அறுத்ததுதான். லேசாக இருக்கிறதே என்று மகிழ்ந்து வாங்கினேன். இரண்டு பருவத்தில் அதனால் மூன்று மான்களைத் தவறவிட்டேன். அறுத்தவரைவிட வாங்கிய எனக்குத்தான் வெட்கம் அதிகம்.

நம் பக்கத்துச் சாட்சி ஒன்றும் இருக்கிறது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் ஆட்கொல்லிகளின் பின்னால் அலைந்ததைத் தன் புத்தகங்களில் எழுதியிருக்கிறார். ஜவளகிரி, பென்னாகரம் என்ற பெயர்கள் அந்தப் பக்கங்களில் வரும். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் அந்த வேட்டைக்கு இடமில்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் அவர் கையில் இருந்தது எது? லீவர் ரைஃபிள்தான்: .405 வின்செஸ்டர், 1895 வடிவம். எட்டு பவுண்டுக்கு மேல் கனம், உதையோ பேர்போனது. அந்தக் காட்டின் வெயிலில், கரடுமுரடான பாதையில் அவர் நடந்த நடையோடு ஒப்பிட்டால் எங்கள் அடிராண்டாக் நடை காலை உலா. 'புலிக்கு அது வேண்டும், மானுக்கு எதற்கு?' என்று கேட்பீர்கள். சரியான கேள்வி; நான் சொல்ல வந்ததும் அதுதான். எதைச் சுடப் போகிறோம் என்று அவர் முதலில் கேட்டார். அதற்கேற்ற தோட்டா வந்தது. தோட்டாவுக்கேற்ற எடை வந்தது. வந்த எடையைச் சுமந்தார். மானைத் தேடுகிறவன் அதே வரிசையில் கேட்டால் அவனுக்கு ஏழு பவுண்டில் பதில் கிடைக்கலாம், ஆறரையிலும் கிடைக்கலாம். கிடைக்கும் எண்ணோடு எனக்குச் சண்டை இல்லை. எண்ணிலிருந்து தொடங்குவதோடுதான் சண்டை.

லேசு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். தோள் அறுவை செய்துகொண்டவர், செங்குத்து மலையில் ஏறுகிறவர், சிறிய உடம்புக்காரர் இவர்களுக்கெல்லாம் ஒல்லிச் சாவேஜும் .25-35உம் பொருத்தமான கூட்டு. அவர்களும் எடையைக் குறைக்கும் முன் உதையைக் குறைத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் முதலில் முதுகுப் பையைக் கொட்டிப் பார்க்கட்டும். இரண்டு கத்தி, ஒரு கோடரி, சாயங்காலம் வரை தொடாத சாப்பாடு, போன வருடத்துக் கயிறு என்று அதில் இரண்டு கிலோ சும்மா கிடக்கும். அதைத் தொடாமல் துப்பாக்கியின் குழலில் போய்க் கால் கிலோவைத் தேடுவானேன்?

கடையில் பழைய லீவர் ரைஃபிளைக் கையில் எடுக்கும்போது செய்ய வேண்டியது சுலபம். துப்பாக்கி காலியா என்று லீவரை இறக்கி நீங்களே பாருங்கள். கண்ணை மூடித் தோளில் ஏற்றுங்கள். திறக்கும்போது குறிமுள் பின்குறியின் பள்ளத்தில் இருக்கிறதா? முப்பது எண்ணும் வரை அப்படியே பிடியுங்கள்; முள் அடங்குகிறதா, அலைகிறதா? இறக்கி, ஒற்றைக் கையில் நடுவுடம்பைப் பிடித்துக் கடையை இரண்டு சுற்று சுற்றுங்கள். மணிக்கட்டு எந்தப் பக்கம் இழுபடுகிறது? அடிக்கட்டை உடம்போடு சேரும் இடத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பழைய சாவேஜ்களுக்கு அந்த நோய் உண்டு. கழற்றிப் பூட்டும் வகையானால் பூட்டில் ஆட்டம் கொடுக்கிறதா பாருங்கள். விலை பேசியபின், மனசு கேட்கவில்லை என்றால், எடை என்ன என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன அக்டோபரிலும் கூட்டம் கூடியது. எல்லோருடையதும் கொக்கியில் ஏறி இறங்கியது. கடைசியில் என்னுடைய 26 அங்குல 1894ஐக் கேட்டார்கள். தராசில் மின்கலம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டேன். டிசம்பரில் ஊருக்குக் கிளம்பும்போது புது மின்கலம் போட்டேன். பெட்டி 24 கிலோ காட்டியது. ஒரு கிலோவை எடுத்து வெளியே வைத்தேன். விமானக் கம்பெனிக்கு அந்தக் கணக்கு முக்கியம்.